அமிர்தம் படித்த ஆட்டம்

தில்லையம்மாளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது பூப்பந்து. அந்த வேலைதான் அவரை நாவல் எழுத வைத்தது.

சிதம்பரத்தில் பள்ளிக்கூட நாளிலேயே அவர் மட்டையைக் கையில் எடுத்துவிட்டார். மாவட்ட அணி, பிறகு மாநில அணி. அந்தச் சான்றிதழ்களைக் காட்டி, விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் கடலூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளியூர்களுக்கு டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் வேலை. ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் மடியில் நூலகப் புத்தகம் திறந்திருக்கும். இப்படிப் பல வருடம் படித்த பிறகு, ஒரு நாள் ஒரு கதையின் பாதியிலேயே முடிவு என்னவென்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. இதைவிட நன்றாக முடிக்கலாமே என்றும் தோன்றிற்று. வீட்டுக்குப் போய் அந்த வேறு முடிவை எழுதிப் பார்த்தார். பிறகு அந்த முடிவுக்கு முன்னால் ஒரு தொடக்கம் தேவைப்பட்டது. அதுதான் அவருடைய முதல் நாவல்.

2012 பிப்ரவரியில் அவருக்கு வயது ஐம்பத்தேழு. நான்கு நாவல்கள் வந்திருந்தன. ஐந்தாவது நாவல் கடைசி அத்தியாயத்தில் வந்து படுத்துக்கொண்டிருந்தது. காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு பலாத்தோப்பு, அதைப் பங்கு பிரிக்க வேண்டிய அக்காளும் தங்கையும். அக்காள் ஊரிலேயே இருந்து தோப்பையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டவள். தங்கை சென்னையில் வேலைக்குப் போய் முன்னேறியவள். கடைசி அத்தியாயத்தில் இருவரும் தோப்பில் சந்திக்கிறார்கள். சந்தித்து என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் வரவில்லை. எப்படி எழுதினாலும் யாராவது ஒருவர் நடுவில் வந்துவிட, சகோதரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். படித்துப் பார்த்தால் தில்லையம்மாளுக்கே சப்பென்றிருக்கும்.

எழுத்து நின்றிருந்த நாட்களிலும் ஆட்டம் நிற்கவில்லை. தினமும் விடிந்ததும் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானம். பூப்பந்துக்கு ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து மஞ்சள் கம்பளி நூலால் ஆனது, கையில் வைத்தால் கனமே தெரியாது. அதனால் காற்றுதான் இந்த ஆட்டத்துக்குப் பகை. மைதானத்தைச் சுற்றி மரங்கள் இருந்தவரை காற்று தெரியவில்லை. டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அத்தனை மரங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. அதன் பிறகு கடலூர் அணியினர் அடித்த பந்து அவர்கள் நினைத்த இடத்தில் விழவே இல்லை. முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கான மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் சிதம்பரத்தில். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் காலை எட்டு மணிக்கு. அதே ஞாயிறு, அதே ஊரில், ஒரு வாசகர் வட்டம் தில்லையம்மாளைப் பேசக் கூப்பிட்டிருந்தது. அதை நடத்துபவர் சபாபதி, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கூட்டம் பதினொரு மணிக்கு.

"ரெண்டும் ஒரே ஊர்லதான. ஆடி முடிச்சி, எங்க சித்தி ஊட்ல குளிச்சி, புடவை கட்டிக்கினு நேரா கூட்டத்துக்குப் போயிடலாம்" என்று கணவரிடம் கணக்குச் சொன்னார் தில்லையம்மாள்.

மணவாளன் மங்கலம்பேட்டைக்காரர். வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியின் ஆட்டத்தையும் அவர் பார்த்ததில்லை, நாவலையும் படித்ததில்லை. ஜனவரியில் தில்லையம்மாளின் வலது முழங்கால் வீங்கியதிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு.

"இந்த மேட்ச்சோட நிறுத்திடு தில்லை."

"காபி போடவா, டீ போடவா?" என்பார் தில்லையம்மாள்.

அன்றைக்குக் கால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் மணவாளனும் கூடவே கிளம்பினார். மடித்த புடவை இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்து நிலையத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டார்.

சிதம்பரம் மைதானத்துக்குப் போனால், ஆண்கள் ஆட்டம் ஒன்று இழுத்துக்கொண்டே கிடந்தது. நடுவரோடு ஒரு தகராறு, அது தீர்ந்ததும் இன்னொரு தகராறு. பெண்கள் ஆட்டம் பத்தரைக்கு மேல்தான் என்று சொல்லிவிட்டார்கள். தில்லையம்மாள் சங்கடத்தோடு சபாபதிக்குப் போன் செய்தார்.

"ஐயா, மன்னிக்கணும். கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாமா?"

"நீங்க வேற மேடம். இங்க கரண்ட்டே இல்ல. ஹால் அடுப்பு மாதிரி காயுது. வந்தவுங்கல்லாம் நோட்டீஸால விசிறிக்கினு இருக்காங்க. நீங்க எங்க இருக்கறீங்க, காலேஜ் கிரவுண்ட்லயா? அங்க வேப்பமரம் இருக்குதுல்ல?"

"இருக்குது."

"அப்ப நாங்க அங்க வந்துடறோம். மேட்ச்சப் பாத்துட்டு அப்புறமா பேசிக்கலாம்."

கால் மணி நேரத்தில் முப்பது பேர் வந்து இறங்கினார்கள். சிலர் கையில் பிளாஸ்டிக் நாற்காலி. இருவர் 'நாவலாசிரியருடன் ஒரு காலை' என்று எழுதிய துணிப் பேனரைக் கொண்டுவந்து ஆடுகளத்துக்குப் பின்னால் இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டினார்கள். ஆடும்போது பேனர் படபடத்தால் பந்து தெரியாது என்று நடுவர் அவிழ்க்கச் சொன்னார். அதைச் சுருட்டித் தரையில் போட்டு அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டார்கள். டிராக் பேன்ட்டும் டீ ஷர்ட்டுமாக நின்ற தில்லையம்மாளைப் பார்த்து, இவர்தானா என்று ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது காதில் விழுந்தது.

சிதம்பரம் அணியின் தலைவி அமிர்தம் என்பவர். கோர்ட்டில் வக்கீல். உயரமானவர், ஒல்லி, கண்ணாடியைக் கயிற்றால் தலையோடு கட்டியிருந்தார். டாஸ் போடும்போது தில்லையம்மாளிடம் கை கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"உங்க நாவல் நாலும் படிச்சிருக்கன் மேடம்."

எதிரணி ஆள்தான் என்றாலும் தில்லையம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? எப்படி இருந்துது?"

"மேட்ச் முடியட்டும், சொல்றன்."

அது என்ன, மேட்ச் முடிந்த பிறகு சொல்வது? நன்றாக இருந்தது என்றால் இப்போதே சொல்லலாமே? அந்த யோசனையோடுதான் தில்லையம்மாள் தன் இடமான இடது பின்பக்கத்தில் போய் நின்றார்.

மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுப்பவர்களுக்கு வெற்றி. முதல் ஆட்டம் மோசமாகப் போயிற்று. தில்லையம்மாளின் பலமே உயரத் தூக்குவது. எவ்வளவு வேகமாகப் பந்து வந்தாலும் பதற மாட்டார். மட்டையைக் கீழே கொடுத்து வானத்துக்கு ஒரு தூக்கு. பந்து மேலே போய்த் திரும்பி எதிரணியின் கடைசிக் கோட்டருகே இறங்கும். அதற்குள் தன் அணி மூச்சு வாங்கிக்கொள்ளும். முப்பது நாற்பது வருடம் அவரைக் காப்பாற்றிய அடி அது. அன்றைக்கு, அவர் மட்டையில் பந்து படுவதற்கு முன்பே, நடுவில் நின்ற அமிர்தம் பின்னால் ஓடிப் போய்த் தயாராக நின்றார். பந்து இறங்க இறங்க ஓங்கி ஒரே அடி. திரும்பத் திரும்ப அதுதான் நடந்தது. ஆட்டம் முடிந்தபோது கடலூர் எதிரணியின் பாதிப் புள்ளியைக்கூட எடுத்திருக்கவில்லை.

இடைவேளையில், மணவாளன் உட்கார்ந்திருந்த வேப்பமரத்தடியில், தண்ணீர் கேனருகே இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள்.

"வக்கீலம்மா, நான் எங்க அடிக்கப் போறேன்னு எனக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுது. எப்படி?" என்று கேட்டார் தில்லையம்மாள்.

அமிர்தம் தண்ணீரைக் குடித்து முடித்தார். "சொன்னா கோச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உங்க நாவல்ல ரெண்டு பேரு நேருக்கு நேரா நின்னு சண்டை போட்டு நான் படிச்சதே இல்ல. மூணாவதுல மருமவ மாமியாரக் கேள்வி கேக்க வாயத் தொறக்கறா. அப்ப பாத்து வாசல்ல மாமா ஒருத்தர் பழத்தோட வந்து நிக்கறார். நாலாவதுல அண்ணனும் தம்பியும் மோதற நேரத்துல மழை வந்துடுது. ரெண்டாவதுல கரண்ட் கட்டு. பக்கத்தப் பொரட்டனா எல்லாரும் சாப்பிட்டுக்கினு இருக்கறாங்க. சரி, இந்தம்மாவுக்கு நேரா வர்றது எதுவும் புடிக்காது, எல்லாத்தையும் மேல தூக்கி உட்டுடுவாங்கன்னு நெனச்சன். அதான் பின்னால போயி நின்னன்."

தில்லையம்மாளுக்கு முதலில் காது சுட்டது. பத்திரிகையில் மதிப்புரை எழுதிய யாரும் இதைச் சொன்னதில்லை. 'அமைதியான நடை' என்று எழுதியிருந்தார்கள், 'பக்குவம்' என்று எழுதியிருந்தார்கள். இந்த அம்மாள் கையில் டம்ளரை வைத்துக்கொண்டு, தப்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார். கோபம் வந்த வேகத்தில் சிரிப்பும் வந்தது.

"தேங்க்ஸ்" என்றார் தில்லையம்மாள்.

"ஆட்டத்துக்கா, நாவலுக்கா?"

"மேட்ச் முடியட்டும், சொல்றன்."

தன் அணியிடம் திரும்பி வந்தார். முன்வரிசையில் ஆடும் மாரியம்மாள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். தில்லையம்மாளோடு இருபது வருடமாக ஆடுபவர்.

"மாரி, இனிமே நான் தூக்க மாட்டன். நேரா அடிக்கப் போறேன். நீ குனிஞ்சிக்க."

"நீயா?" என்றார் மாரியம்மாள்.

இரண்டாவது ஆட்டத்தின் முதல் பந்து வேகமாக வந்தது. தில்லையம்மாளின் கை பழக்கத்தில் கீழே போனது. வலுக்கட்டாயமாக அதை மேலே எடுத்து, வலைக்கு ஒரு சாண் உயரத்தில் நேராக அமிர்தத்தை நோக்கி அடித்தார். பின்னால் ஓட எத்தனித்த அமிர்தம் பாதியில் நின்று திரும்புவதற்குள் பந்து அவர் இடுப்பில் பட்டு விழுந்தது. கம்பளிப் பந்து, வலிக்காது. ஆனாலும் அமிர்தம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தில்லையம்மாளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வேறு ஆட்டம். நேராக வந்ததை நேராகவே திருப்பினார்கள். வாசகர்கள் முதலில் ஆசிரியருக்கு மரியாதையாகக் கை தட்டினார்கள். பிறகு மரியாதையை மறந்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கோட்டருகே வந்துவிட்டார்கள். சபாபதி நல்ல பந்துக்கெல்லாம் "பலே" என்றார். நடுவில் கிழக்கிலிருந்து காற்று கிளம்பியது. சிதம்பரத்துக்காரர்கள் தடுமாறினார்கள். கடலூர்க்காரர்களுக்கு அது புதிதில்லை. இரண்டு மாதமாக மரமில்லாத மைதானத்தில் பட்ட பாடு அன்றைக்கு உதவியது. இரண்டாவது ஆட்டம் கடலூருக்கு.

மூன்றாவது ஆட்டம் கடைசிவரை சமமாகவே போனது. தில்லையம்மாளின் முழங்கால் கனக்கத் தொடங்கியது. வேப்பமர நிழலில் மணவாளன் வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார். கடைசியில் சிதம்பரம் ஒரு புள்ளி முன்னால், இன்னொன்று எடுத்தால் வெற்றி. பந்து தில்லையம்மாளிடம் வந்தது. தூக்கினால் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். தூக்கவில்லை. நேராக அடித்தார். அமிர்தம் திருப்பினார். இவர் மறுபடி நேராக. அவர் மறுபடி. ஆளுக்கு ஐந்தாறு தடவை இருவர் மட்டுமே மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். மற்ற எட்டுப் பேரும் மட்டையை இறக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியாகத் தில்லையம்மாள் அடித்தது வலையின் மேல்பட்டையில் பட்டுத் தன் பக்கமே விழுந்தது.

சிதம்பரம் ஜெயித்தது. தில்லையம்மாள் இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது முகத்தில் வருத்தம் இல்லை. மணவாளன் அதைப் பார்த்தார்.

சித்தி வீட்டுக்குப் போய்க் குளிக்க நேரமில்லை. வேப்பமரத்தடியில் நாற்காலியை வட்டமாகப் போட்டு, தில்லையம்மாளை ஒன்றில் உட்கார வைத்து, காலை இன்னொன்றில் தூக்கி வைத்தார்கள். மாரியம்மாள் கீழே உட்கார்ந்து முழங்காலுக்குக் கட்டுப் போட்டார். சபாபதி வரவேற்புரையை எடுத்துக்கொண்டு எழுந்து, இந்த நிலைமைக்கு அது பொருந்தாது என்று மறுபடியும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

தில்லையம்மாளும் தயார் செய்து வந்ததைப் பேசவில்லை.

"சின்ன வயசுல சுவத்துல பந்த அடிச்சிப் பழகுவோம்" என்று தொடங்கினார். "யாரும் பாக்க மாட்டாங்க, கை தட்ட மாட்டாங்க. நான் எழுதறதும் பாதி நாள் அப்படித்தான். எழுதறன், அடிக்கறன், திரும்ப எழுதறன். அதுல எனக்குக் கஷ்டமில்ல. விளையாட்டுக்காரிக்கு அது பழக்கம். ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. ஆட்டத்துல தோத்தா உடனே தெரிஞ்சிடும், போர்டுல எழுதிப் போட்டுடுவாங்க. நாவல்ல தோத்தா யாரும் சொல்ல மாட்டாங்க. நல்லாருந்துதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நாலு நாவலா நான் ஒரே இடத்துல தோத்துக்கினு இருந்திருக்கறன். இன்னைக்குத்தான் ஒருத்தர் ஸ்கோர் சொன்னாங்க."

எல்லாரும் அமிர்தத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜெயித்த கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு கல்லூரி ஆசிரியை கேட்டார். "அப்ப படிக்கறதும் விளையாட்டு மாதிரிதானா மேடம்?"

"எதிர்ல நிக்கறவங்க தோள்பட்டையப் பாத்தா பந்து எங்க போவும்னு தெரியும். நல்ல வாசகர் எழுத்தாளரோட தோள்பட்டையப் பாக்கறவுங்க. நானும் அப்படித்தான் படிச்சன், ஹெட்போன மாட்டிக்கினு. எல்லாரு தோளையும் பாத்தன். என் தோள நான் எப்படிப் பாக்க முடியும்?" என்றவர், "மாரி, அவ்வளவு இறுக்காத" என்றார்.

மாரியம்மாள் கட்டைத் தளர்த்தவில்லை. "நேரா அடிக்கறன்னு சொன்ன இல்ல, அனுபவி" என்றார். கூட்டம் சிரித்தது.

கலைந்தபோது அமிர்தம் நான்கு நாவல்களையும் பையிலிருந்து எடுத்துக் கையெழுத்துக்கு நீட்டினார். ஓரங்களில் எல்லாம் பென்சில் கோடு.

"புடிக்காமத்தான் நாலும் வாங்கிப் படிச்சீங்களா?"

"புடிச்சதாலதான் கோவம் வந்துது" என்றார் அமிர்தம்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் மணவாளன் பழைய பேச்சை எடுத்தார்.

"கால் எப்படி வீங்கியிருக்குது பாரு. போதும் தில்லை. இத்தோட நிறுத்திக்க."

தில்லையம்மாளின் வாயில் வேறு பேச்சு தயாராக வந்தது. புதுச்சத்திரத்தில் டீ நன்றாக இருக்கும் என்று சொல்ல இருந்தார். நிறுத்திக்கொண்டார்.

"நிறுத்த மாட்டன்" என்றார். "கால் முடியாமப் போனா அன்னிக்கு நிறுத்தறன். அதுவரைக்கும் ஆடுவன். இனிமே நீங்க இதக் கேக்கக் கூடாது."

முப்பத்து மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒரு பதிலை மணவாளன் கேட்டதில்லை. ஆலப்பாக்கம் வரை பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தார். தில்லையம்மாள் காத்திருந்தார். பேச்சை மாற்றவில்லை.

"நீ உழுந்து கிழுந்து படுத்துட்டன்னா எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியாது" என்றார் மணவாளன் கடைசியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "அந்த பயந்தான். வேற ஒண்ணுமில்ல."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ எங்க சொல்ல உட்ட? எப்பக் கேட்டாலும் காபியா டீயான்ற."

தில்லையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணவாளனும் கொஞ்சம் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த வக்கீலம்மா சொன்னாங்களே, பழத்தோட வந்து நிக்கற மாமா. அது யாரு?"

"படிச்சிப் பாருங்க."

"நான்தானா?"

"எல்லா நாவல்லயும் நீங்கதான். ஒண்ணுல மழையா வந்திருக்கறீங்க."

"அதுக்குப் பயந்துதான் படிக்காம இருந்தன்" என்றார் அவர். அவர் முகத்தைப் பார்த்தால் வருத்தப்பட்டவர் மாதிரித் தெரியவில்லை. கடலூர் வரும் வரை, எந்த நாவலில் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் தில்லையம்மாள் மைதானத்துக்குப் போகவில்லை. காலைக் கட்டிலில் நீட்டிக்கொண்டு எழுதினார். புயலில் விழுந்த பலா மரங்களுக்கு நடுவில் அக்காளையும் தங்கையையும் நிறுத்தினார். யாரையும் உள்ளே விடவில்லை. தோட்டக்காரர் வர நினைத்தார், பக்கத்து வீட்டு அம்மாள் வர நினைத்தார், எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டார். அக்காள் இருபது வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள். தங்கை அழவில்லை. அவளும் சொன்னாள். அக்காள் பக்கம் நியாயம் என்று நினைத்து எழுதத் தொடங்கியவர், தங்கை பேசப் பேச யார் பக்கம் என்று தெரியாமல் போனார். அத்தியாயம் முடிய மூன்று வாரம் ஆயிற்று. சகோதரிகள் அன்றைக்குச் சேர்ந்து சாப்பிடவில்லை. தங்கை பேருந்து ஏறிப் போனாள். ஆனால் போவதற்கு முன், விழாமல் நின்ற ஒரே மரம் யாருக்கு என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

நாவல் அந்த வருடம் நவம்பரில் வந்தது. முதல் பிரதியை மணவாளன் வாங்கிக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்தார். மாலையில் வெளியே வந்து, "இதுல நான் எங்கியும் இல்லியே" என்றார், குறைப்பட்டுக்கொள்வது போல.

இரண்டாவது பிரதி தபாலில் சிதம்பரம் போயிற்று. ஒரு வாரம் கழித்து அமிர்தத்திடமிருந்து போன் வந்தது.

"படிச்சிட்டன் மேடம். சண்டை பிரமாதம். ராத்திரி தூங்கல."

"உண்மையாவா?"

"உண்மையா. ஆனா ஒண்ணு. அந்தத் தங்கச்சிக்கு இன்னும் நல்ல பாயிண்ட் இருந்துது, நீங்க குடுக்கல. நான் அவ வக்கீலா இருந்திருந்தா தோப்புல பாதி வாங்கிக் குடுத்திருப்பன்."

"எப்படி? சொல்லுங்க பாப்பம்" என்று தில்லையம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.